மாசுபடுத்தியா, மாசுப்பொருளா? ஒரு துண்டறிக்கைக்காகச் சொல் தேடியபோது

திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் கரையோர ஊர் ஒன்றில், கிணற்றுத் தண்ணீரின் ஆய்வு முடிவைப் படித்துக் காட்டும் கூட்டம். ஆய்வகம் ஆங்கிலத்தில் கொடுத்த அறிக்கையை நான்தான் தமிழாக்கியிருந்தேன். "நீரில் மாசுபடுத்திகளின் செறிவு அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகமாக உள்ளது" என்று முதல் வரியைப் படித்தேன். முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"மாசுபடுத்தின்னா யாருங்க கண்ணு? பட்டறைக்காரங்களச் சொல்றாங்களா?"

"இல்லைங்கம்மா, தண்ணியில கலந்திருக்கிற பொருளைத்தான் அப்படிச் சொல்றோம்."

"பொருளு தானா வந்து கலந்துக்குச்சா?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். ஆனால் நான் எழுதிக்கொண்டு போயிருந்த தாளில் அது இல்லை. செய்தவனுக்கு உரிய சொல்லைப் பொருளுக்குக் கொடுத்திருந்தேன். சாயப்பட்டறை என் வாக்கியத்தில் எங்குமே வரவில்லை. பாட்டி அதைக் காதால் கேட்டே கண்டுபிடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஆய்வறிக்கை, துண்டறிக்கை, பள்ளிக் கண்காட்சிப் பலகை என்று எது எழுத வந்தாலும் இந்தச் சொற்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இதே வேலையில் இருக்கும் ஆசிரியர்களும் நிருபர்களும் தன்னார்வலர்களும் பெரும்பாலும் இதே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் என் தேர்வுகளைக் காரணத்தோடு இங்கே வைக்கிறேன். நான் பார்ப்பது இரண்டு விஷயம். படிப்பவருக்கு உடனே புரிய வேண்டும். யார் செய்தது என்பதைச் சொல் மறைக்கக் கூடாது.

பொருளுக்கு என்ன பெயர்

மாசு, மாசுப்பொருள், மாசுபடுத்தி, மாசாக்கி என்று நான்கு பெயர்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

மாசுபடுத்தி, கலைச்சொல்லாக நன்றாகவே கட்டப்பட்ட சொல். கடத்தி, மின்மாற்றி, ஒலிபெருக்கி என்ற வரிசையில் சரியாகப் போய் உட்காரும். பன்மை ஏற்கும், அடைமொழி ஏற்கும். புகைபோக்கியிலிருந்து நேராக வரும் கந்தக டை ஆக்சைடை முதல்நிலை மாசுபடுத்தி என்றும், வேறு வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து தரைமட்டத்தில் உண்டாகும் ஓசோனை இரண்டாம்நிலை மாசுபடுத்தி என்றும் பாடநூலில் சிக்கலில்லாமல் எழுதலாம். தேர்வு எழுதும் மாணவருக்கு இது போதும். கூட்டத்தில் காதால் கேட்பவருக்குத்தான் இடிக்கிறது. 'படுத்தி' என்று முடிந்தாலே, படுத்துகிற ஓர் ஆள் கண்முன் வந்துவிடுகிறார். யாரென்று தேடினால் அங்கே தோல் ஆலைக் கழிவில் வரும் குரோமியம் என்ற உலோகம் நிற்கிறது.

மாசாக்கி இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் பழகிய சொல். குறுகியது, சொல்லவும் எளிது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படிக்கிற பிள்ளைகளுக்கு எழுதினால் நான் இதைத்தான் எடுப்பேன். அவர்களிடம் பழகிய சொல் இருக்கும்போது சென்னைச் சொல்லைக் கொண்டுபோய்த் திணிப்பது முறையில்லை. திருப்பூரிலோ ராணிப்பேட்டையிலோ இதைக் கேட்டவர்கள் அரிது. மாசுபடுத்தியின் குறை இதற்கும் உண்டு, ஏனென்றால் ஆக்கி என்றாலும் ஆக்குகிறவன்தான்.

மாசு, பழைய சொல். "மனத்துக்கண் மாசிலன்" என்கிறது 34-ஆம் குறள். மாசறு பொன், மாசில்லாத மனம் என்று எங்கே வந்தாலும் அது ஒன்றின் மேல் படிந்த அழுக்கு, கறை. கறை என்று சொன்னதுமே கறை எப்படிப் பட்டது, யாரால் பட்டது என்ற கேள்வி தானாக எழும். 1982 முதல் இயங்கும் தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்தின் பெயரால் இந்தச் சொல் பட்டிதொட்டி வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. புகைக்கும் பொருந்தும், இரைச்சலுக்கும் பொருந்தும், அனல்மின் நிலையம் கடலில் விடும் வெந்நீருக்கும் பொருந்தும். குறை என்னவென்றால், கெடுத்த பொருளுக்கும் கெட்ட நிலைக்கும் இதே சொல்தான். "காற்று மாசு கூடியது" என்றால் புரிகிறது. "காற்றில் ஐந்து மாசுகள் இருந்தன" என்றால் காதில் ஒட்டவில்லை.

மாசுப்பொருள் அந்த இடத்தில் கைகொடுக்கிறது. எண்ணலாம், அளக்கலாம், பட்டியலிடலாம். பொருள் வெறும் பொருளாகவே நிற்பதால், அதைக் கொட்டியவருக்கு வாக்கியத்தில் இடம் மிச்சமிருக்கிறது. இரைச்சலுக்கு மட்டும் இது பொருந்தாது. 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம், 1987 திருத்தத்துக்குப் பிறகு இரைச்சலையும் மாசுப்பொருளுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. சட்டத்துக்கு அது வசதி. தமிழில் இரைச்சலைப் பொருள் என்றால் யாரும் ஏற்க மாட்டார்கள். அங்கே ஒலி மாசு என்றே விட்டுவிடலாம்.

ஆகவே தலைப்புக்கு மாசு, பட்டியலுக்கு மாசுப்பொருள் என்று வைத்துக்கொண்டேன். மாசுபடுத்தி என்பதைப் பொருளுக்குக் கொடுக்காமல் மனிதருக்காக எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்தது. பாலாற்றங்கரைக் குடும்பங்கள் இழப்பீடு கேட்க அடிப்படையாக இருப்பது அந்தக் கொள்கைதான். அதே துண்டறிக்கையில் மேலே குரோமியத்தை மாசுபடுத்தி என்றும், கீழே ஆலையை மாசுபடுத்தியவர் என்றும் எழுதினால் படிப்பவர் யாரைப் பிடிப்பார்?

வினைச்சொல்லிலும் இதே தேர்வு வருகிறது. ஆறு மாசடைந்தது, ஆறு மாசுபட்டது, ஆற்றை மாசுபடுத்தினார்கள். முதல் இரண்டும் தன்வினை. பழம் பழுத்தது, இலை உதிர்ந்தது என்பதுபோல, ஆறு தானாகவே அப்படி ஆகிவிட்ட மாதிரி இருக்கும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பற்றிய செய்திகளில் "நிலத்தடி நீர் மாசடைந்தது" என்றே பெரும்பாலும் படித்தோம். எண்ணெய் கிணற்றில் ஊறவில்லை. யார் என்று ஆதாரத்தோடு தெரியாத கட்டத்தில் மாசடைந்தது என்று எழுதுவது நேர்மை. தெரிந்த பிறகும் அதையே எழுதிக்கொண்டிருந்தால் நாம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுகிறோம்.

வாயு தாக்குமா

இதைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை என்னால் முடிக்க முடியாது. "கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளி விஷவாயு தாக்கி பலி." நாளிதழில் இந்தத் தலைப்பை எத்தனை முறை பார்த்திருப்போம். நினைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. தாக்கியது வாயு, இறங்கியது தொழிலாளி. இறங்கச் சொன்னவர், கூலி பேசியவர், மூடியைத் திறந்து கொடுத்தவர், ஒருவரும் அந்த வரியில் இல்லை.

அந்தத் தொட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு. மூச்சுவிட ஆக்சிஜன் போதாது. ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் மணமறியும் திறனே மரத்துப் போகும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைக்கிற நொடிதான் ஆபத்தான நொடி. இந்த விவரத்தைச் சொல்லாமல் விஷவாயு என்று மட்டும் எழுதினால், அது ஏதோ பாம்பு மாதிரி மறைந்திருந்து கொத்தியதாக ஆகிவிடுகிறது.

பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஓர் ஆளைச் சாக்கடைக்குள்ளோ மலத்தொட்டிக்குள்ளோ இறக்குவதை, கையால் மலம் அள்ளும் தொழிலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் ஆளைத் தேடுகிறது, தலைப்போ வாயுவைக் கைகாட்டுகிறது.

நஞ்சு, நச்சு, விஷம் மூன்றில் எதை எடுப்பது என்பது இதற்குப் பக்கத்தில் சின்ன விஷயம். தனியே நிற்கும்போது நஞ்சு, இன்னொரு சொல்லோடு சேரும்போது நச்சு: நச்சுப்புகை, நச்சுவாயு. விஷம் பேச்சில் இன்னும் அழுத்தமாக விழும். போபாலில் 1984 டிசம்பரில் நடந்ததை விஷவாயு என்றுதான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், அதை மாற்ற வேண்டியதில்லை. நான் மாற்றுவது வினையை மட்டும்தான். "பாதுகாப்புக் கருவியின்றித் தொட்டிக்குள் இறக்கப்பட்டவர், நச்சுவாயுவில் மூச்சுத் திணறி இறந்தார்." இறக்கப்பட்டவர் என்ற ஒரு சொல் வந்தால் போதும், இறக்கியது யார் என்ற கேள்வி படிப்பவரிடம் எழும்.

செய்தவர் இல்லாத இடம்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலைமை தலைகீழ். அங்கே ஆழ்துளைக் கிணற்று நீரில் இருக்கும் ஃபுளோரைடு பாறையிலிருந்து கரைந்து வருவது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிப் பல ஆண்டுகள் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், பிறகு எலும்பும் மூட்டும் கெடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான்.

அங்கே போய் "ஃபுளோரைடால் மாசுபடுத்தப்பட்ட நீர்" என்று எழுதினால் ஊரே ஆலையைத் தேடும். மாசு என்ற சொல்லே அங்கே வேண்டாம் என்பது என் முடிவு. ஃபுளோரைடு மிகுந்த நீர் என்றால் போதும், அதுதான் உண்மையும். சிலர் இங்கே கலப்படம் என்று எழுதிவிடுகிறார்கள். மிளகில் பப்பாளி விதையைச் சேர்ப்பது கலப்படம். காசுக்காக, தெரிந்தே, ஏமாற்றிச் செய்வது. பாறை யாரையும் ஏமாற்றவில்லை.

மருந்து என்று சொல்லி அடிப்பது

விவசாயிகளிடம் பேசும்போது வரும் சிக்கல் வேறு மாதிரி. பூச்சிக்கொல்லி என்று எழுதுகிறோம், அவர்கள் சொல்வது மருந்து. "மருந்து அடிச்சிட்டு வந்தேன்", "எந்த மருந்துங்க கேக்கும்?" மருந்து என்ற சொல்லுக்கு நம் மனத்தில் இருக்கும் நல்ல பெயர் முழுவதும் அந்த டப்பாவுக்குப் போய்விடுகிறது. மூக்கில் துணி கட்டாமல், செருப்பில்லாமல், தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். மருந்துதானே!

இயற்கை வேளாண்மைக்காரர்கள் இதற்கு எதிராக நஞ்சு என்ற சொல்லைக் கையில் எடுத்தார்கள். நஞ்சில்லா உணவு, நஞ்சில்லா விவசாயம் என்பவை இன்று கடைப் பலகை வரை வந்துவிட்டன. வாங்குகிறவரிடம் அந்தச் சொல் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அடிக்கிற விவசாயியிடம் போய் "நீங்கள் நஞ்சு அடிக்கிறீர்கள்" என்றால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். அவர் கடனில் இருக்கிறார், பயிரில் புழு விழுந்திருக்கிறது, உரக்கடையில் கொடுத்ததை வாங்கி வந்திருக்கிறார். பூச்சிக்கொல்லி என்ற சொல்தான் இரண்டுக்கும் நடுவில் நேராக நிற்கிறது. கொல்லும் என்பதையும் சொல்கிறது, அவரையும் குற்றம் சாட்டவில்லை. துண்டறிக்கையில் முதல் முறை மட்டும் "மருந்து என்று நாம் சொல்லும் பூச்சிக்கொல்லி" என்று எழுதிவிட்டு, அப்புறம் பூச்சிக்கொல்லி என்றே தொடர்கிறேன்.

இதில் எச்சம் என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "காய்கறியில் பூச்சிக்கொல்லி எச்சம்" என்பது செய்திகளில் வழக்கமாகிவிட்டது. எச்சம் என்றதும் ஊரில் நினைவுக்கு வருவது காக்கை எச்சம். எஞ்சிய பூச்சிக்கொல்லி என்று திருப்பிப் போட்டால் அந்தக் குழப்பம் இல்லை.

எந்த ஈயம்

இங்கே தவறான சொல் உடம்பைப் பாதிக்கும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ரசத்துக்கு ஈயச்சொம்பு. அடியில் ரசம் இல்லாமல் அடுப்பில் வைத்தால் உருகி வழிந்துவிடும் என்று என் பாட்டி கூடவே நிற்பார். அது உருகக் காரணம் உண்டு. சொம்பு வெள்ளீயத்தால் செய்தது, வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். பித்தளைப் பாத்திரத்துக்குத் தெருவில் ஈயம் பூசியவர்கள் பூசியதும் வெள்ளீயம்தான். பேட்டரியிலும் பழைய பெயிண்டிலும் இருப்பது காரீயம். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இரண்டும் வேறு வேறு உலோகம். பேச்சில் இரண்டுக்கும் ஈயம் என்றே பெயர்.

"ஈயம் நஞ்சு, குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்" என்று ஒரு பலகை வைத்தால் இரண்டு விபரீதம் நடக்கலாம். ஒன்று, வீட்டில் இருக்கும் நல்ல வெள்ளீயச் சொம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, உரிந்து விழும் பெயிண்டை அப்படியே விட்டுவிடுவார்கள். இன்னொன்று இதைவிட மோசம். "தலைமுறையா ஈயத்துல ரசம் வெச்சுக் குடிக்கிறோம், ஒண்ணும் ஆகலையே" என்று பலகையையே நம்ப மாட்டார்கள். அதனால் எங்கே எழுதினாலும் காரீயம் என்றே எழுதுகிறேன், பக்கத்தில் அது எங்கே இருக்கிறது என்றும் சேர்க்கிறேன். வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சுவர்களும் கதவுகளும் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. சொம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை: மலிவாகக் கிடைக்கும் சொம்பில் காரீயம் கலந்திருக்க வாய்ப்புண்டு, ஆகவே நம்பகமான கடையில் வாங்குவது நல்லது.

சுருக்கமாகச் சில

கார்பன் டை ஆக்சைடா, கரியமில வாயுவா? நாளிதழ் வாசகருக்கு இரண்டும் தெரியும், மாணவருக்கு முதலாவது. இலங்கையில் காபனீரொட்சைட்டு. அந்தந்த ஊருக்கு அந்தந்தச் சொல் என்று விட்டுவிடலாம், இதில் யாரும் மறைவதில்லை. பிளாஸ்டிக், நெகிழி இரண்டில் அரசு நெகிழி என்கிறது, சந்தையில் பிளாஸ்டிக்தான். வியாபாரிக்கு எழுதினால் பிளாஸ்டிக், பாடத்துக்கு நெகிழி. தூசு என்ற சொல்லை மட்டும் காற்றின் நுண்துகளுக்குப் போடாதீர்கள். தூசு துடைத்தால் போய்விடும், பார்த்தால் தெரியும். 2.5 மைக்ரான் துகள் கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலின் அடிவரை போகும். நுண்துகள் என்றே எழுதலாம்.

சாம்பலும் அப்படித்தான். அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்க உதவும், செடிக்குப் போடலாம். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் போய்ப் படிந்தது நிலக்கரிச் சாம்பல், அதில் கன உலோகங்கள் உண்டு. நிலக்கரி என்ற முன்சொல்லை இடமில்லை என்று விட்டுவிடக் கூடாது.

சாயத்தண்ணி, கழிவுநீர், உப்பு

திரும்ப நொய்யலுக்கு வருகிறேன். அங்கே ஊர்ச்சொல் சாயத்தண்ணி. அரசுத் தாளில் சாயக்கழிவுநீர். கழிவுநீர் என்று மட்டும் எழுதினால் வீட்டுச் சாக்கடையும் பட்டறை நீரும் ஒன்றாகிவிடும். சுத்திகரிக்கும் முறை வேறு, பொறுப்பு வேறு. சாயத்தண்ணி என்றால் எங்கிருந்து வருகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. நானும் முதலில் கண்ணை மூடிக்கொண்டு அதையே தேர்ந்தெடுத்தேன்.

பிறகுதான் அதிலும் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது. பருத்தியில் சாயம் ஒட்டுவதற்குப் பட்டறைகளில் ஏராளமாக உப்பு போடுகிறார்கள். சுத்திகரிப்பில் நிறத்தை எடுத்துவிடலாம், கரைந்த உப்பு அவ்வளவு சுலபத்தில் போகாது. அதற்கு எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி எடுக்க வேண்டும். நிறம் போன தண்ணீரைப் பார்த்து "இது சாயத்தண்ணி இல்லையே, தெளிவாத்தானே இருக்கு" என்று சொல்லிவிடலாம். சொல் நிறத்தைப் பிடித்துக்கொண்டு உப்பைத் தவறவிடுகிறது. நொய்யலின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே வயல்களைக் கெடுத்தது பெரும்பாலும் அந்த உப்புதான். சொட்டு நீரும் வெளியே விடக் கூடாது என்ற ஆணையை நிறைவேற்றாததற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, அந்த ஆணையின் மையத்தில் இருந்ததும் இந்த உப்புப் பிரச்சினைதான்.

ஆய்வறிக்கையில் இதற்குப் பெயர் மொத்தக் கரைதிடப் பொருட்கள். பாடநூல் தமிழ், பிழையில்லாத தமிழ், கூட்டத்தில் ஒருவருக்கும் புரியாத தமிழ். டிடிஎஸ் என்றால் பாதிப் பேருக்குத் தெரியும், வீட்டு வடிகட்டி விற்க வந்தவர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கூட்டத்தில் கேள்வி கேட்ட பாட்டியின் கிணற்றில் மீட்டரை விட்டுக் காட்டியபோது எண் 1900-ஐத் தாண்டி நின்றது. பக்கத்தில் எட்டிப் பார்த்த பையன் சொன்னான்: "உப்பு ஆயிரத்தித் தொள்ளாயிரம் காட்டுதுங்க."

கரைதிடம் முழுவதும் உப்பு இல்லை என்று வேதியியல் ஆசிரியர் என்னைத் திருத்தலாம். அந்தக் கிணற்றில் அது பெரும்பகுதி உப்புதான். அச்சுக்குப் போன துண்டறிக்கையின் முதல் வரி இப்படி இருந்தது: "பட்டறைகள் ஆற்றில் விட்ட தண்ணீரால் நம் கிணற்றில் உப்பு (டிடிஎஸ்) ஏறியிருக்கிறது. குடிக்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். நம் கிணற்றில் 1900-க்கு மேல்."